நாகலூர்த் திண்ணையில் ஜேட் பூத்தது

பொங்கல் கழிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "விரிந்துவிட்டதடா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. பட்டறைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு எட்டரை மணி ஏற்காடு பஸ்ஸில் ஏறிவிட்டேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நட்டிருக்கும் எண் பலகையை எண்ணிக்கொண்டே போனேன். அன்றைக்குத்தான் அந்த இருபதும் இவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

அக்கா வீடு நாகலூரில், காப்பித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஓடு வேய்ந்த திண்ணையின் கிழக்கு ஓரத்தில் என் தொட்டி, அதில் தடித்த இலைகள் கொண்ட ஜேட் செடி. கிளை நுனிகளில் பதினான்கு கொத்துகள். அவற்றில் மூன்று முழுதாக விரிந்திருந்தன.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். மண்டியிட்டு உட்கார்ந்து அதை வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பூ. ஒடுங்கிய ஐந்து இதழ்கள், நட்சத்திரம் போல. வெள்ளைதான், ஆனால் நுனியில் மட்டும் ரோஜாப்பூ நிறத்தில் தொட்டு எடுத்தது போல ஒரு சாயல். இதழுக்கும் இதழுக்கும் இடையில் ஒன்றாக ஐந்து மகரந்தக் காம்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு. நடுவில் சூலகமும் ஐந்தாகப் பிரிந்து நிற்கிறது. எதை எண்ணினாலும் ஐந்து. கொலுசுக்கான பூக்களை நாங்கள் அச்சில் அடித்து எடுப்போம், நூறும் ஒன்றுபோல் வரும். இந்தக் கொத்தில் ஒரு பூவைப் போல இன்னொன்று இல்லை, ஆனால் ஒன்றிலும் கணக்குத் தவறவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொசுத் தேனீ ஒன்று வந்து பூவுக்குப் பூ தாவியது. முகத்தை அருகில் கொண்டுபோனால் மட்டும் மெல்லிய தேன் வாசனை.

இந்தப் பூவுக்காக நான் காத்திருந்தது ஒன்பது ஆண்டுகள். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளையும் சேர்த்தால் பதினைந்து. அந்த ஆறு ஆண்டுகளின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஜேட் வளர்க்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் பலருக்கும் அது பொருந்தும்.

2010-இல் ஒரு நாற்றுப் பண்ணையில் 'ஜேட், அதிர்ஷ்டச் செடி' என்று சொல்லி ஒரு தொட்டி கொடுத்தார்கள். நன்றாக வளர்ந்தது. வெட்ட வெட்டத் தழைத்தது. ஆனால் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. 2016 ஜனவரியில் அக்கா வீட்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டு வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு புதர், மேலெல்லாம் வெள்ளைப் பூ. "இது என்ன செடி, பெரியவரே?" என்று கேட்டேன். "ஜேட்தானே தம்பி" என்றார். அப்படியானால் என் வீட்டில் இருப்பது என்ன?

அது போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. தென்னாப்பிரிக்காவில் அதை ஸ்பெக்பூம் என்கிறார்கள், யானைகள் விரும்பித் தின்னும். நம் ஊரில் ஜேட் என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது இதுதான். உண்மையான ஜேட் கிராசுலா ஓவாட்டா. அதற்கும் தென்னாப்பிரிக்காதான் தாய்நாடு. இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. சின்ன நகம் அளவு இலையும், செங்கபில நிறத்தில் மெலிந்து வளையும் தண்டும் இருந்தால் ஸ்பெக்பூம். இலை கட்டைவிரல் நீளத்துக்குத் தடித்து, பளபளத்து, தண்டும் சதைப்பற்றோடு குட்டி மரம் போல் பருத்திருந்தால் ஜேட். ஸ்பெக்பூம் நல்ல செடி, என்னுடையதை நான் தூக்கி எறியவில்லை, இன்றும் மாடிப்படி ஓரம் நிற்கிறது. ஆனால் தொட்டியில் அது பூப்பது மிக அரிது. பூவுக்காக வளர்க்கிறவர் வாங்கும்போதே இலையைப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் இன்னொரு செய்தி: ஸ்பெக்பூமைக் கடித்தால் ஒன்றும் ஆகாது, ஜேட் அவற்றுக்கு நஞ்சு.

பெரியவர் இரண்டு கிளைகள் ஒடித்துக் கொடுத்தார். முதல் கிளையை நான்தான் கொன்றேன். ஒடித்த அன்றே ஈர மண்ணில் நட்டேன். பத்து நாளில் தண்டு அழுகிய வாழைப்பழம் போல் குழைந்துவிட்டது. இரண்டாவதை நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, ஒடித்த இடம் தோல் கட்டிய பிறகு நட்டேன். நாகலூரில் பூத்தது அந்தக் கிளைதான்.

மண் கலவைக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. செம்மண் ஒரு பங்கு, தூசி போகக் கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி. அடியில் நல்ல துளை உள்ள மண் தொட்டி. ஊற்றிய தண்ணீர் உடனே கீழே வழிய வேண்டும், அவ்வளவுதான். இலையை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பேன். கூழாங்கல் போல இருந்தால் தண்ணீர் வேண்டாம். கொஞ்சம் வளைந்துகொடுத்தால் ஊற்றுவேன். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து நண்பகல் வெயில் இலையைச் சுட்டுவிடும், அப்போது மட்டும் நிழல்வலை. இலைக்கணுவில் பஞ்சு ஒட்டியது போல் மாவுப்பூச்சி தெரிந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் தொட்டுத் துடைப்பேன்.

செடி செழித்தது. நான்காம் ஆண்டிலேயே அடித்தண்டு என் மணிக்கட்டுப் பருமனுக்கு வந்துவிட்டது. ஆனால் பூ மட்டும் வரவில்லை.

ஏன் பூக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. முதல் காரணம் என் கத்தரி. ஆயுத பூஜைக்கு வீடும் பட்டறையும் துப்புரவு செய்யும்போது செடிகளையும் வட்டமாக வெட்டி அழகுபடுத்துவது என் வழக்கம். ஜேட் பூப்பது கிளையின் நுனியில். கோடை கடந்து வளர்ந்து முற்றிய நுனியில்தான் மொட்டு கட்டும். செப்டம்பரிலோ அக்டோபரிலோ அதை வெட்டினால் அந்த ஆண்டுப் பூவையும் சேர்த்து வெட்டியதாகும். ஒவ்வோர் ஆண்டும் அன்போடு, கவனத்தோடு அதைத்தான் செய்துவந்திருக்கிறேன். ஜூன் முடிந்தால் கத்தரியை உள்ளே வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, விளக்கு. ஜேட் குறும்பகல் செடி. பகல் சுருங்கி இரவு நீளும்போது, அந்த நீண்ட இருட்டை வைத்துத்தான் பூக்கும் பருவம் வந்தது என்று அது அறிகிறது. அதன் தாய்நாட்டில் குளிர்காலம் ஜூன், ஜூலை. நமக்கு டிசம்பர், ஜனவரி. டிசம்பர் கடைசியில் சேலத்தில் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான், ஆக இருட்டு பன்னிரண்டரை மணி நேரம். ஆனால் என் மொட்டை மாடியில் இருட்டே இல்லை. 2019-இல் எதிர்க் கம்பத்தில் வெள்ளை எல்.இ.டி. விளக்கு வந்தது. இரவு பன்னிரண்டு மணிக்கு என் செடியின் நிழல் சுவரில் விழும். அந்த நிழலைப் பல நாள் அழகு என்று ரசித்திருக்கிறேன்.

மூன்றாவது, இரவின் சூடு. இங்கே ஜேட்டின் மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். ஜேட் பகலில் மூடிவைத்து இரவில் திறக்கும். வறண்ட மண்ணில் பிறந்த செடி, தண்ணீர் ஆவியாகிப் போவதைப் பொறுக்காது. இரவில் எடுத்ததை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயில் வந்ததும் சர்க்கரையாக்கும். அதனால் இந்த இனத்து இலைகள் விடியற்காலையில் புளிக்கும். இதைக் கவனித்து எழுதியவர்களில் முன்னோடி, தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக ஆன பெஞ்சமின் ஹெய்ன். 1815-இல் வெளியான அவரது குறிப்பில், காலையில் புளிக்கும் இலை நண்பகலில் சுவையற்றுப் போகிறது என்று எழுதினார். அவர் மென்று பார்த்த செடி வேறெதுவும் இல்லை, நம் வீட்டுக் கொல்லைகளில் இருக்கும் ரணகள்ளிதான், "கட்டிப்போட்டால் குட்டிபோடும்" என்று சிறுவர்கள் புத்தகத்துக்குள் வைத்து வளர்ப்பார்களே, அதே இலை. ஜேட்டும் ரணகள்ளியும் ஒரே குடும்பம். ரணகள்ளி இலையைக் காலை ஆறு மணிக்கும் நண்பகலிலும் நானே மென்று பார்த்திருக்கிறேன். காலையில் புளியங்கொழுந்து, நண்பகலில் வெறும் சக்கை.

இப்படி இரவில் வாழ்கிற செடிக்கு இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பூ மொட்டு கட்டவும் குளிர் வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். டிசம்பரிலும் என் மாடித் தளம் பகல் வெயிலை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவரின் புதர் எந்தக் கவனிப்பும் இல்லாமல் ஆண்டுதோறும் பூத்ததற்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை.

எனவே போன அக்டோபரில் தொட்டியை மலைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். லக்கேஜ் டிக்கெட் வாங்கி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கால்களுக்கு இடையில் இறுக்கி வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது வளைவில் தொட்டி சரிந்து ஒரு கிளை முறிந்தது. அந்தச் சத்தம் எனக்கு எலும்பு முறிந்தது போலக் கேட்டது. முறிந்த கிளையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: ஊற்றாதே. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். மழையில் நின்றால் வேர் அழுகிவிடும் என்பதால் ஓட்டுத் திண்ணையின் உள்ளே, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்தோம். திண்ணை விளக்கை அக்கா மூன்று மாதம் போடவே இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். "பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்கிறாயே" என்று முதல் மாதம் முழுக்கத் திட்டினாள். உரமும் கூடாது என்றேன். தழைச்சத்து அதிகமானால் செடி இலையாகவே பெருகிப் பூவை மறந்துவிடும். நான் மாட்டிவிட்டு வந்த வெப்பமானியை மாமா விடியற்காலையில் பார்த்து, நாட்காட்டிக் கட்டத்தில் எண்ணை எழுதி வைத்தார். நவம்பர் கடைசியில் 15, 14. டிசம்பரில் 13, 12, 13. அந்த நாட்காட்டியைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். இலை விளிம்பெல்லாம் குங்குமக் கோடு போட்டது போல் சிவந்தது.

டிசம்பர் முதல் வாரம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது: "நுனியில் ராகி ஒட்டியது போல என்னவோ இருக்கிறது. பூச்சியா?" பூச்சி இல்லை. கடைசி இலை ஜோடிக்கு நடுவில் பச்சை மணிகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது அவற்றுக்குக் காம்பு தெரிந்தது.

அப்போது எனக்கு ஓர் ஆசை வந்தது. பொங்கலன்று என் வீட்டு வாசலில், கோலத்துக்குப் பக்கத்தில் அந்தத் தொட்டி இருக்க வேண்டும். மாமாதான் தடுத்தார். "மாப்பிள்ளை, காப்பியில் பூ எடுக்கும் நேரத்தில் செடியைக் கையால்கூடத் தொட மாட்டோம். இதைப் பஸ்ஸில் ஏற்றுவீர்களா?" அவர் சொன்னது சரி. மொட்டு வைத்த ஜேட்டை இடம் மாற்றினால், அதுவும் குளிரிலிருந்து சூட்டுக்கு மாற்றினால், மொட்டு கொட்டிவிடும்.

சேலத்திலும் ஒரு முயற்சி செய்திருந்தேன். அதே செடியிலிருந்து 2017-இல் எடுத்து வளர்த்த இரண்டாவது தொட்டியை, தெருவிளக்கு எட்டாத தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தரையில் படாமல் மரப்பலகை மேல் வைத்தேன். கத்தரி படவில்லை, தண்ணீரும் அரிதாகத்தான். அங்கே இரவில் 19 டிகிரிக்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. ஜனவரி கடைசியில் அதிலும் இரண்டு கொத்துகள் வந்தன! பூ சிறியது, ரோஜாச் சாயலும் இல்லை, தூய வெள்ளை. ஆனால் சேலத்துப் பூ. தெருவில் இருக்கும் எல்லோரையும் மாடிக்கு அழைத்துக் காட்டினேன்.

நாகலூர்ப் பூக்கள் ஐந்து வாரம் இருந்தன. பிப்ரவரி கடைசியில் காய்ந்த பூக்காம்புகளைக் கிள்ளிவிட்டுத் தொட்டியைக் கொண்டுவரலாம் என்று போனேன். அக்கா அதை வாசற்படிக்குப் பக்கத்தில் நகர்த்தி, அடியில் ஒரு பழைய அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை, காப்பி கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை.

அதைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. பூத்து முடிந்த நுனிகளை வெட்ட இதுதான் பருவம் என்று சொல்லி, ஒன்பது கிளைகளை மட்டும் வெட்டிச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தேன். பட்டறை அலமாரியில், வெள்ளிக் கம்பிச் சுருள்களுக்குப் பக்கத்தில் அவை காய்ந்துகொண்டிருக்கின்றன. வெட்டிய இடம் தோல் கட்ட இன்னும் மூன்று நாள் ஆகும்.