கவரோடு இருக்கட்டும் சார்

டெல்லி சன்சத் மார்க்கில், டாக் பவனுக்குள் தேசிய அஞ்சல்தலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1968-ல் தொடங்கியது. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த என்னை அங்கே மாற்றினார்கள். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்பதில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "சார், இது இப்ப எவ்வளவுக்குப் போகும்?"

கேட்பதில் தப்பில்லை. 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த காந்தி ஸ்டாம்ப்கள் ஸ்விட்சர்லாந்தில் அச்சானவை. கவர்னர் ஜெனரல் உபயோகத்துக்காக 'சர்வீஸ்' என்று ஓவர்பிரிண்ட், அதாவது ஸ்டாம்ப்பின் மேலேயே இன்னொரு அச்சு, போட்டது 100 செட்தான். இதைச் சொன்னதும் பத்து ரூபாய் காந்தி முன்னால் செல்ஃபோன்கள் உயரும். 1854 நாலணா ஸ்டாம்ப்பில் விக்டோரியா ராணியின் தலை தலைகீழாக அச்சான கதைக்கும் அதே மரியாதை. பிழை என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். பக்கத்திலேயே முத்திரை குத்திய பழைய கவர்கள் இருக்கும். யாரும் நிற்பதில்லை.

எனக்கோ கவர்கள்தான் பிடித்தன. ஸ்டாம்ப் என்பது அச்சகத்திலிருந்து வந்த சரக்கு. அது தபாலில் வேலை பார்த்ததற்குச் சாட்சி கவர்தான்.

ஒருநாள் கரோல் பாக்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நம்மூர்க்காரர் என்று தெரிந்ததும் பேச்சு தமிழுக்கு மாறியது. தாத்தாவின் ஆல்பம் ஒன்று, சணல் கயிறு கட்டிய கவர்க்கட்டு ஒன்று. ஆல்பத்தைத்தான் பெருமையாக நீட்டினார். வழக்கமான சரக்கு, பாதி ஸ்டாம்ப் மழைக்கால ஈரத்தில் பக்கத்தோடு ஒட்டியிருந்தது. கட்டைக் காட்டி, "இதுல இருக்கறதையும் தண்ணில ஊறவச்சு எடுத்துட்டா ஆல்பத்துல அழகா ஒட்டிடலாம்ல சார்?" என்றார்.

மேலாக இருந்த கவரை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட இந்திய ஸ்டாம்ப், அதன்மேல் கறுப்பு எழுத்தில் 'பர்மா'. 1937 ஏப்ரல் 1-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தபோது, கையிலிருந்த இந்திய ஸ்டாம்ப்களின் மேலேயே புதுப் பெயரை அச்சடித்து ஓட்டினார்கள். (ராஜா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.) ஸ்டாம்ப்பில் பாதியும் காகிதத்தில் பாதியுமாக ரங்கூன் முத்திரை. திருப்பினால் காரைக்குடி முத்திரை. இரண்டு தேதிகளையும் கழித்தால் கப்பலும் ரயிலும் எடுத்துக்கொண்ட நாள் கணக்கு வந்துவிடும். ஓரத்தில் செட்டியார் கடை ஒன்றின் விலாச எழுத்துகள்.

"ஊறவச்சா உங்களுக்கு மிஞ்சறது அரை முத்திரை விழுந்த ஒரு ஸ்டாம்ப். சந்தையில அது மலிவா கிடைக்கும். இந்தக் கவர் கிடைக்காது. கவரோடவே இருக்கட்டும் சார்" என்றேன். அவர் அப்போதுதான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "காரைக்குடின்னு போட்டிருக்கே! அது எங்க பாட்டி வீடாச்சே" என்றவர், அப்புறம் விலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கட்டைத் திரும்பக் கொண்டுபோனார். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் பண்ணாதீர்கள், இரும்பு பீரோவில் நாப்தலின் உருண்டையோடு வைக்காதீர்கள் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனேன்.

சேகரிப்பாளர்களோடு எனக்கு இதில் ஓயாத தகராறு. தபாலில் போகாத புது ஸ்டாம்ப், பின்னால் கோந்து கலையாமல் இருந்தால்தான் அவர்களுக்கு உயர்த்தி. கோந்தின் பளபளப்புக்கு இவ்வளவு காசு கொடுப்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனால், பழைய கோர்ட்டு நோட்டீஸ், எல்ஐசி கடிதம் எதிலாவது பதிவுத் தபால் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று இப்போது கேட்கிறேன். "நோட்டீஸைக் கூடவா சேர்ப்பீங்க?" என்று சிரிக்கிறார்கள். நோட்டீஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கவரை மட்டும் கொடுங்கள் என்கிறேன்.