ஸ்வெட்டர் காலம் வரப்போகிறது

செப்டம்பர் இன்னும் முடியவில்லை. கோத்தகிரியில் மதிய வெயில் முதுகில் சுள்ளென்று படுகிறது. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை இறக்கி, உள்ளே கிடந்த ஸ்வெட்டர்கள், மப்ளர்கள், ஒரு சால்வை எல்லாவற்றையும் எடுத்து வாசலில் வெயிலில் போட்டுவிட்டேன். வீடு முழுக்கப் பாச்சை உருண்டை வாசம். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, அதுக்குள்ளயேவா?" என்றார். ஆமாம் அக்கா, அதுக்குள்ளயேதான். எனக்கு நவம்பர் சீக்கிரம் வர வேண்டும்.

வருஷம் பூராவும் காலையிலும் சாயங்காலமும் ஸ்வெட்டர் போடுகிற ஊர்தானே, அதற்கென்ன தனியாக ஒரு காலம் என்று கீழே இருப்பவர்களுக்குத் தோன்றலாம். இருக்கிறது. ஜூன், ஜூலை மழை கூடலூர் பக்கம்தான் கொட்டும். எங்கள் கோத்தகிரி, குன்னூர் சரிவுகளுக்கு அக்டோபர், நவம்பரில் வருகிற வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அது வந்தால் நாள் கணக்கில் மேகம் தரையிலேயே உட்கார்ந்துவிடும், எங்கேயாவது மண் சரிந்து ரோடு அடைபடும், போட்ட ஸ்வெட்டரைக் கழற்றுகிற பேச்சே இருக்காது. மழை விட்டதும் முதலில் நீர்ப்பனி. அப்புறம் டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்தால் உறைபனி. மேகமில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விட, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்கும். அதனால்தான் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தா மாதிரி இடங்களில் புல்வெளி விடிகாலையில் உப்பைக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். அம்மா கொழுந்து பறித்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு அது கவலைக் காலம். கொழுந்து இல்லாவிட்டால் வேலை இல்லை. நான் குளிருக்கு ஆசைப்படுவது அம்மாவுக்கு ஒருநாளும் புரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் ஏன் ஆசைப்படுகிறேன் என்றால், அந்த மூன்று நான்கு மாதங்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். புடவை, அதன்மேல் முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர், காதை மூடி மோவாய்க்குக் கீழே முடிந்த ஸ்கார்ஃப், சாக்ஸ் போட்ட காலில் ரப்பர் செருப்பு. காலை ஏழரை மணிக்குப் பனிக்குள் பஸ் ஸ்டாப்பில் பத்துப் பெண்கள் நின்றால் பத்து கம்பளி உருவங்கள்தான் தெரியும். யாருக்குத் தோள் அகலம், யாருக்கு இடுப்பு சிறுத்திருக்கிறது, யார் தொண்டையில் என்ன துருத்திக்கொண்டிருக்கிறது என்று ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை. நான் ஒரு திருநங்கை. முன்பின் தெரியாதவர்கள் என் உடம்பைக் கண்ணால் அளப்பது எனக்குப் பழகிவிட்டது, பழகியதே தவிர வலிக்காமல் இல்லை. அந்தப் பத்து பேரோடு பதினோராவது ஆளாக, கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் இன்னும் வரலையே என்று நிற்கிற அந்த நேரத்துக்காகத்தான் பெட்டியை இறக்கினேன்.

சென்னையில் இருக்கும் என் தோழி, அவளும் திருநங்கைதான், "அப்போ நீ ஒளிஞ்சுக்கத்தானே பாக்குற?" என்று கேட்டாள். ரொம்ப நாள் யோசித்தேன். இல்லை. பெண் என்றதும் என் மனதில் வருகிற உருவமே ஸ்வெட்டர் போட்ட உருவம்தான். நான் பார்த்து வளர்ந்த பெண்கள் லயன் வீட்டுப் பெண்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் இருந்தவர்கள். 1964-ல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள் எங்களுடையவை. பாட்டி, அம்மா, சித்தி எல்லாருமே குளிருக்குள்ளேயே பிறந்து, மழைக்குத் தலையோடு போர்த்துகிற கொங்காணியை மாட்டிக்கொண்டு மலையேறி, சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து பின்னல் ஊசியோடு பேசிக்கொண்டிருந்தவர்கள். பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவும் யாருக்குப் பெண்மையாகத் தெரியுமோ அவர்களுக்குத் தெரியட்டும், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் எனக்குப் பெண்ணாக வேண்டும் என்ற ஆசை வந்தபோது அது கம்பளி வாசத்தோடுதான் வந்தது.

அதுவும் அக்காவின் மெரூன் ஸ்வெட்டர் வழியாக வந்தது. எங்கள் வீட்டில் அக்காவுக்குச் சின்னதாகிப் போன பாவாடை சட்டை எல்லாம் சித்தி மகளுக்குப் போய்விடும், ஸ்வெட்டர் மட்டும் எனக்கு வரும். அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. "குளிருக்கு ஆம்பளப் புள்ள பொம்பளப் புள்ள தெரியுமா?" என்று அம்மாவே மாட்டிவிடுவார். அம்மா பின்னிய ஸ்வெட்டர் அது, கழுத்தைச் சுற்றி வெள்ளை நூலில் சின்னப் பூ வரிசை. நான் பகிரங்கமாகப் போட்டுக்கொண்டு நடமாடிய ஒரே பெண் உடுப்பு அதுதான். ஐந்து பொத்தான், ஐந்தும் இடது பக்கம். என் பள்ளிச் சட்டையில் பொத்தான் வலது பக்கம் இருக்கும். ஏன் மாறியிருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் என் விரல்களுக்கு அந்த இடது பக்கம்தான் சரியாகப் பட்டது.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். பொத்தான் பக்கத்தைச் சுட்டிக்காட்டி, "டேய், பொம்பள ஸ்வெட்டர்" என்று கத்தினான். அன்றைக்கு இரண்டு பொத்தான் பிய்ந்து போனது. அடுத்த வாரமே அப்பா தலை வழியாக மாட்டுகிற ஆண்கள் ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்தார். சாம்பல் நிறம், பொத்தானே கிடையாது. அதற்கப்புறம் எட்டு வருஷம் நான் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் போடவில்லை.

பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுத் திருப்பூர் போனேன். அதைப் பற்றி இங்கே நிறைய எழுதப் போவதில்லை. பனியன் கம்பெனியில் ஏழு வருஷம், பெரும்பாலும் காஜா, பட்டன் வேலை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எனக்கு அது ஒரு ஆறுதலாகவே இருந்தது. ஆண்கள் பீஸ் வந்தால் இடப்பக்கம் காஜா, வலப்பக்கம் பட்டன். பெண்கள் பீஸ் வந்தால் மாற்றி. பெண்கள் லாட் வருகிற நாட்களில் என் கை தானாகவே வேகமாகும். முதன்முதலாகச் சுடிதார் போட்டு வெளியே வந்ததும் அங்கேதான், அதுவும் மே மாதத்தில். முகத்தில் பூசியதெல்லாம் பத்து மணிக்குள் வழிந்துவிடும், மூன்று மணிக்கு மோவாயில் தாடியின் பச்சை படிந்துவிடும், மெல்லிய துணிக்குள் என் தோள் எனக்கே பெரிதாகத் தெரியும். அந்த வெயிலில் நின்றுகொண்டு மலையை நினைத்துக்கொள்வேன். ஒரு ஸ்வெட்டர் போட முடிந்தால் போதும் என்று நினைத்த நாட்கள் பல.

இப்போது திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது, ஒரு தையல் கடையில் வேலை. ஹார்மோன் எடுக்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம். உடம்பு மாறுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் குளிர்காலத்தோடு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். முதலாவது, குளிர் முன்பைவிடத் தெரிகிறது. தசை குறைவதாலோ என்னவோ, ஹார்மோன் எடுக்கிற பலரும் இதைச் சொல்வார்கள். முன்பு ஒரே ஒரு பனியனோடு தண்ணீர் பிடிக்கப் போனவள் நான், போன வருஷம் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான், அம்மாவும் அக்காவும் எப்போதும் அப்படித்தான் நடுங்குவார்கள். தோல் வறண்டுவிடும், தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கிக் குளித்த கையோடு தடவிவிடுங்கள். மார்பு வளர்கிற இரண்டு மூன்று வருஷமும் தொட்டால் வலிக்கும். கூட்டமான பஸ்ஸில் யார் முழங்கை பட்டாலும் உயிர் போகும். தடித்த கம்பளி அதற்கு மெத்தை மாதிரி. ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீர் அதிகம் போகும், குளிரில் அது இன்னும் கூடும், பொதுக் கழிப்பறையில் எந்தக் கதவுக்குள் போவது என்ற பிரச்சினைக்கு ஸ்வெட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. நான் இன்றும் வீட்டை விட்டுக் கிளம்புமுன் தண்ணீர் குடிப்பதில்லை. இது உடம்புக்கு நல்லதில்லை என்று தெரிந்தே செய்கிறேன்.

முடி விஷயம். ஹார்மோன் தாடியைப் போக்காது, குரலையும் மாற்றாது. லேசருக்கு மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் போகிறேன், கறுத்த முடியில்தான் அது பிடிக்கும், பல சிட்டிங் வேண்டும், அதற்கு அப்புறம் முகத்தில் வெயில் படக் கூடாது. மலையில் மழைக்காலத்தில் ஆரம்பித்தால் அந்தக் கவலை பாதி குறையும். எலக்ட்ராலிஸிஸ், அதாவது மெல்லிய ஊசியால் மின்சாரம் பாய்ச்சி முடியின் வேரை அழிப்பது, செய்கிறவர்கள் சில நாள் ஷேவ் செய்யாமல் முடியை விட்டு வைக்க வேண்டும், அந்த நாட்களை எப்படிக் கடப்பது என்று கேட்டு ஒருத்தி அழுதாள். அவளுக்கு நான் சொன்னது: நவம்பரில் வா, மூக்கு வரைக்கும் மப்ளர் கட்டிக்கொள், இங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஸ்வெட்டர் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊட்டியில் பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன, லூதியானாவிலிருந்து வருகிற சரக்குதான் நிறைய. அக்ரிலிக் மலிவு, ஆனால் சீக்கிரம் மணி மணியாகத் திரளும். அகலத் தோள் உள்ளவர்கள் தோளில் தையல் உட்காருகிற மாடலை விட்டுவிட்டு, அக்குளிலிருந்து கழுத்துக்குச் சாய்வாகத் தையல் போகிற ராக்லன் கை எடுங்கள், தோள் இறங்கித் தெரியும். கழுத்து வி வடிவில் இருந்தால் நல்லது, தொண்டையை ஸ்கார்ஃப் பார்த்துக்கொள்ளும். இடுப்புக்குக் கீழே வரை நீளம் வேண்டும். பெண்கள் ஸ்வெட்டரில் எக்ஸ்எல் எடுத்தாலும் கை நீளம் எனக்குப் போதாது, மணிக்கட்டு வெளியே நிற்கும். ஆண்கள் ஸ்வெட்டர் எடுத்தால் கை சரியாக இருக்கும், பொத்தான் பக்கம் தப்பாக இருக்கும். போன வருஷம் அப்படி ஒன்றை வாங்கிப் பொத்தானை மாற்றலாம் என்று பார்த்தேன். பின்னல் துணியில் பழைய காஜாவை மூடினால் தழும்பு தெரிகிறது.

அங்கே ஒரு கடையில் எங்கள் மலைப் பழங்குடிகளான தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் போடுகிற அந்தப் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அதில் பிடித்தது வேறு: தோடர்களில் ஆணும் பெண்ணும் அதே போர்வையைத்தான் போர்த்துகிறார்கள். என் வகுப்புப் பையன் அங்கே பிறந்திருந்தால் என்ன சொல்லிக் கத்தியிருப்பான்?

போன டிசம்பரில் ஒருநாள். டவுனுக்குப் போகிற அரசுப் பஸ், நல்ல கூட்டம். கட்டணமில்லாப் பயணம் 2024-ல் எங்கள் மலைக்கும் வந்தது, பெண்களுக்கும் உண்டு, திருநங்கைகளுக்கும் உண்டு, ஆக எப்படிப் பார்த்தாலும் நான் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கண்டக்டர் நெருங்க நெருங்க எனக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் அவர் என்னைப் பார்த்து ஒரு கணம் நிற்பார், அந்த ஒரு கணத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அன்றைக்கு நான் ஸ்வெட்டர், ஸ்கார்ஃப் எல்லாம் போட்டு நாலு பெண்களுக்கு நடுவே இடுங்கி நின்றேன். அவர் ஐந்து டிக்கெட்டைக் கிழித்து ஓரத்தில் நின்ற பெரியம்மாவிடம் கொடுத்து, "அஞ்சு லேடீஸ், வாங்கிக் குடும்மா" என்று போய்க்கொண்டே இருந்தார். பெரியம்மா எனக்கொன்று நீட்டினார். அந்த டிக்கெட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன், மை மங்கிவிட்டது.

அம்மா நாலு வருஷம் என்னோடு பேசவில்லை. இப்போது அக்கா வீட்டில் இருக்கிறார், வாரம் ஒருமுறை போன் வரும், பழைய பேரையும் சொல்ல மாட்டார், புதுப் பேரையும் சொல்ல மாட்டார், "சாப்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார். போன ஞாயிறு ஸ்வெட்டர்களை வெயிலில் போட்டிருக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். கை நீளம் போதாத கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாரு எவ்வளவு?" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் குரல் வரவில்லை. "முப்பத்தாறும்மா."

"கை நீளம் எனக்குத் தெரியும், உங்கப்பா கை உனக்கு. பொத்தான் எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"அக்காவுக்கு வச்ச பக்கம்."

"ம்" என்றார். "மெரூன் நூல் இங்க கிடைக்கல. நீ ஊட்டி போனா ஆறு உருண்டை வாங்கிட்டு வா. வெள்ளை என்கிட்ட இருக்கு."

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். எட்டு உருண்டையாகவே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன், கை நீளம் அல்லவா.