நெகட்டிவ் என்றால் எழுந்து போகிறார்கள்

எங்கள் குடியாத்தம் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதகத்தோடு இரத்த வகையையும் கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான். ‘நெகட்டிவ்’ என்றதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார்களே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் தங்கை ஓ நெகட்டிவ். வரன்கள் தட்டிப்போய், ஒருவழியாகக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை பி பாசிட்டிவ். அடுத்த ஆண்டே நான்காம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. வெளியே தெரிந்தால் பேச்சு வருமென்று, தெருக்கோடி கிளினிக்கோடு விஷயத்தை மூடிவிட்டார்கள். அங்கே இரத்த வகையை ஒருவரும் கேட்கவில்லை.

வினையே அங்கேதான். பாசிட்டிவ் கருவின் இரத்தம் துளியளவு நெகட்டிவ் தாயின் உடம்பில் கலந்தாலும், அவள் உடம்பு அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்கக்கூடும். பிரசவத்திலும் கலக்கும், கரு கலையும்போதும் கலக்கும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பித்துவிடும். அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் உடைக்கும். இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968லிருந்தே இருக்கிறது. கர்ப்பத்தின் 28வது வாரத்தில் ஒன்று. குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் அதே 72 மணி நேரம்தான் கெடு.

அடுத்த முறை உண்டானபோது “முதல் கர்ப்பமா?” என்று கேட்டார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தங்கை தலையாட்டினாள். தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது. எங்களை வேலூருக்கு அனுப்பினார்கள்.

குழந்தை பிறந்த அன்றைக்கே மஞ்சளித்தது. நர்ஸ் அதன் நெற்றியில் விரலால் அழுத்தி எடுத்தார். வெளுக்க வேண்டிய இடம் மஞ்சளாக நின்றது. சம்பந்தியம்மா மெல்ல, “ஏம்மா, காலை வெயிலில் கொஞ்சம் காட்டினால் போதாதா?” என்றார். வெயிலால் இது தீருமென்றால் எங்கள் மாவட்டத்தில் குழந்தைகள் வார்டே தேவைப்படாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் வரும் காமாலைக்கு வெயிலும் கீழாநெல்லியும் மருந்தல்ல. சிவப்பணுக்கள் உடைவதால் சேரும் மஞ்சள் நிறப் பொருளான பிலிரூபின் எல்லை மீறினால் மூளையைத் தாக்கும். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். அளவு இறங்காததால் இரத்தத்தையே மாற்றினார்கள்: தொப்புள் வழியாகக் கொஞ்சம் எடுப்பது, ஓ நெகட்டிவ் இரத்தம் அதே அளவு செலுத்துவது. ஒவ்வொரு சிரிஞ்சுக்கும் ஒருவர் தாளில் கணக்கு எழுதினார்.

எழுந்து போகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தாய் ஓ பாசிட்டிவ்வாக இருந்து குழந்தை ஏ அல்லது பி ஆனாலும் காமாலை வரலாம். முதல் குழந்தைக்கே வரலாம், பெரும்பாலும் லேசாக. அப்படியானால் ஊரில் உள்ள ஓ வகைப் பெண்களை எல்லாம் தள்ளி வைப்பார்களா? தங்கையின் குழந்தையை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது அவள் இரத்தமல்ல, பயந்து மறைத்த அந்த நான்காம் மாதம்.

மஞ்சள் போய் வீட்டுக்கு வந்த பிறகும் எதிர்ப்பொருள் குழந்தையின் உடம்பில் சில வாரம் தங்கி இரத்தசோகையை உண்டாக்கும் என்பதால், ஹீமோகுளோபின் பார்க்க வேலூர் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறோம். தங்கைக்கு இனி ஆன்டி-டி போட்டுப் பயனில்லை. எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகிவிட்டது. அடுத்து உண்டானால் நாள் தள்ளியதுமே வந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.