இடக்காதும் சில புதிய பாடல்களும்

மார்ச் 3

இடக்காதின் சிகிச்சைக்கு மருத்துவமனையில் தேதி இன்னும் முடிவாகவில்லை. இரவு, தம்பி மகள் அனுப்பிய பாடல் பட்டியலில் முதலாவதான ரேடியோஹெட்டின் ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்’ கேட்டேன். 2000-இல் வந்த ‘கிட் ஏ’ தொகுப்பு இதனோடுதான் தொடங்குகிறது. கிதார் இசைக்குழு என்றே கேள்விப்பட்டிருந்தேன். கிதாரே இல்லை, சின்தசைசரின் மங்கிய சுரங்கள்தாம். தொடையில் தாளம் போட்டபடி கேட்டதில் பத்து எண்ணிக்கைக்கு ஒருமுறை மெட்டு திரும்புவது பிடிபட்டது. கர்நாடக இசையின் மிஸ்ர ஜாதி ஜம்பை தாளத்துக்கும் பத்து அட்சரம், அதாவது பத்து எண்ணிக்கைதான். ஆனால் லகு, அநுதிருதம், திருதம் என்று தாளத்தின் பகுதிகளைக் கை காட்டிக்கொடுக்கும் இடங்கள் இங்கே இல்லாததால் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், எங்கே என்று தவித்தேன். பாடகர் தாம் யார்க்கின் குரலைத் துண்டு துண்டாக்கிப் பாட்டெங்கும் தூவியிருக்கிறார்கள். அவற்றில் எத்தனை என் இடக்காதை எட்டின என்பது தெரியவில்லை.

மார்ச் 4

காதின் இரைச்சல் குறையவில்லை.

மார்ச் 6

மை பிளடி வேலன்டைன் குழுவின் ‘ஒன்லி ஷாலோ’. 1991-இல் வந்த ‘லவ்லெஸ்’ தொகுப்பின் முதல் பாடல். டிரம்மின் நான்கு அடிகள் விழுந்ததும் கிதார்களின் முழக்கம் மொத்தமாக வந்து மோதுகிறது. குழுவின் கிதார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் கிதாரின் டிரெமோலோ கம்பியைப் பிடித்துக்கொண்டே தந்திகளை மீட்டுவதால் சுருதி ஓரிடத்தில் நிற்காமல் வளைகிறது. நம் இசையில் சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தின் வளைவு ஒரு சுரத்தை நாடிப் போகும், இங்கே ஒலி முழுவதுமே நிலைகொள்ளாமல் அசைகிறது. அதனடியில் பிலிண்டா புட்சர் பாடுகிறார். சொற்கள் விளங்கவில்லை. விளங்காதது பாடலின் அமைப்பினாலா, என் காதினாலா? குரலை நடுவில் வைத்து மற்ற அனைத்தையும் பக்கத்தில் அமர்த்தும் பாட்டையே கேட்டு வளர்ந்தவள் நான். குரல் எட்டாதபோது சந்தேகம் காதின்மேல்தான் போகிறது. ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போட்டேன். ஒலியைக் கூட்டினேன். படுத்த பிறகும் அதே கேள்வி.

மார்ச் 7

தம்பி மகள் வந்திருந்தாள். நேற்றைய பாடலைப் போட்டு, வரிகளைச் சொல்லும்படி கேட்டேன். “எனக்கும் வார்த்தை புரியாது அத்தை, குரலை அவங்க வேணும்னே உள்ளே வெச்சிருக்காங்க” என்றாள். அவள் போன பின் கேட்டபோது அதே பாடல் எனக்கு மிக இனிமையாக இருந்தது.

மார்ச் 10

லண்டன்காரரான பெரியலின் ‘ஆர்க்கேஞ்சல்’, 2007. தேய்ந்த இசைத்தட்டின் பொரியும் ஓசை பாடல் முழுவதும் பரவியிருக்கிறது. கணினியில் உருவாக்கிய பாடலுக்குள் ஒருவர் இந்த ஓசையைத் தேடிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். குரலின் சுருதியை ஏற்றியும் இறக்கியும் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபடி செய்திருக்கிறார். பாட்டு முடிந்தும் இரைச்சல் நிற்காதபோதுதான் எது அவருடையது, எது என்னுடையது என்று பிரிக்க முடிந்தது.

மார்ச் 11

தேதி வந்துவிட்டது. 19.

மார்ச் 12

ஏஃபெக்ஸ் ட்வினின் ‘வென்டோலின்’ என்ற 1995-ஆம் ஆண்டுப் பாடலைப் பாதியில் நிறுத்தினேன். ஆஸ்துமா மருந்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்; கூரிய கீச்சொலி ஒன்று ஓயாமல் ஒலிக்கிறது. நாள் முழுவதும் நான் உள்ளே சுமப்பதை இன்னொருவர் இசையென்று வெளியே வைத்துக் கேட்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

மார்ச் 16

பிரையன் ஈனோவின் ‘டிஸ்க்ரீட் மியூசிக்’, 1975. விபத்துக்குப் பின் படுக்கையில் இருந்தபோது, ஹார்ப் இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டுப் படுத்த பிறகே, ஒலி மிகக் குறைவாக இருப்பதையும் ஸ்டீரியோவின் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்பதையும் கவனித்ததாகவும், எழுந்து சரிசெய்யத் தெம்பில்லாமல் அப்படியே கேட்டதாகவும் ஈனோ எழுதியிருக்கிறார். ஒரு பக்கம்! அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அரை மணி நேரம் நீளும் இந்த இசையில் குரலே இல்லை. நீளம் வேறுபட்ட இரு சிறு மெட்டுகள் சுற்றி வந்து ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தில் சந்திக்கின்றன. எடுப்பைத் தேடாமல் நான் கேட்டது இதை மட்டுந்தான்.

மார்ச் 18

மாஸிவ் அட்டாக்கின் ‘டியர்டிராப்’. எலிசபெத் ஃப்ரேசரின் குரல் இந்தப் பட்டியலிலேயே மிகத் தெளிவாக முன்னால் நிற்கிறது. வலக்காதை அடைத்துக்கொண்டு கேட்டபோது குரல் போய் டிரம் மட்டும் மிஞ்சியது. நாளை காலை ஆறு மணிக்குள் வரச் சொல்லியிருக்கிறார்கள். கிராஃப்ட்வெர்க்கின் ‘ஆட்டோபான்’ 22 நிமிடத்துக்கும் மேல் ஓடுவதாம். இன்று அதற்கு நேரமில்லை.