பாகமும் சாணும்

"எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் எண்டு சொல்லுறம். ஆர் அளந்து பாத்தது?"

1981இல் உயர்தரக் கணித வகுப்பில் எங்கள் சேர் இப்படித்தான் தொடங்கினார். முன்வாங்கிலிருந்த என்னை எழுப்பிச் சுவரோடு நிறுத்தி, உச்சந்தலைக்கு நேரே சோக்கால் ஒரு கோடு கீறினார். "இப்ப உன்ட கையால உன்னை அள, பாப்பம்." பெருவிரலையும் சின்னவிரலையும் அகல விரித்து, நிலத்திலிருந்து சாண் சாணாகச் சுவரில் ஏறினேன். எட்டுச் சாண் முடிந்தும் கோட்டுக்கு நாலு விரற்கிடை மிச்சம் இருந்தது. இன்னும் இரண்டு தரம் அளக்கச் சொன்னார். மூன்று தரமும் மூன்று விடை. ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைத் தேடுமுன் அளக்கிற கையின் தடுமாற்றத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதை அந்தச் சுவரடியில்தான் படித்தேன்.

அந்தத் தவணை முழுக்க, பாடசாலை விட்டபின் விறாந்தையில் தையற்கார நாடாவோடு நின்றோம். உயரம், சாண், முழம், பாகம் என்று நான்கு அளவுகள். இரண்டு சாண் ஒரு முழம், நாலு முழம் ஒரு பாகம் என்பது நம் பழைய கணக்கு. அதன்படி எண்சாண் உடம்பு என்றால் உயரமும் ஒரு பாகம்தான். திருகோணமலைத் திருக்கடலூரில் என் மாமா கயிறு அளப்பதைப் பார்த்திருக்கிறேன். கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்து இரண்டு கையையும் விரிப்பார். ஒரு பாகம், ரெண்டு பாகம் என்று வாய் எண்ணிக்கொண்டே போகும். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞரும் இதையே எழுதிவைத்தார்: மனிதனின் உயரம் நாலு முழம், விரித்த கைகளின் அகலம் அவன் உயரம். லியனார்டோ டா வின்சி 1490 அளவில் அதைப் படமாக வரைந்தார். அவர்கள் கணக்கும் மாமாவின் கணக்கும் ஒன்றாயிருந்தது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

சேர் கரும்பலகையில் அச்சுகளைக் கீறினார். "விகிதம் மாறாது எண்டால் புள்ளியெல்லாம் பூச்சியத்தால போற ஒரே கோட்டில நிக்கவேணும்." பாகத்துக்கான புள்ளிகள் அந்தக் கோட்டை ஒட்டியே நின்றன. சாணுக்கானவை பாயில் காயப்போட்ட நெத்தலி மாதிரிச் சிதறிக் கிடந்தன. ஒவ்வொருவர் உயரமும் எத்தனை சாண் என்று பார்த்துக் கூட்டிப் பிரித்தால், இடை, அதாவது சராசரி, எட்டுக்குப் பக்கத்தில்தான் வந்தது. எங்களுக்குப் பெரிய சந்தோசம். ஆனால் சேர் விடவில்லை. சரியாக எட்டு வந்தவர்களை எண்ணச் சொன்னார். விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருந்தார்கள். அதன் பிறகுதான் மடக்கை அட்டவணையை விரித்து நியம விலகல், அதாவது அளவுகள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதை, கணிக்க வைத்தார். இடையை மட்டும் எழுதிக் கொண்டுபோனால் கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவார்.

உயரத்தையும் முழத்தையும் ஒப்பிட்டு 1888இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்ற்றன் அவற்றின் இணைபு 0.8 என்று கண்டார். ஒன்று கூட மற்றது எவ்வளவு ஒட்டிக் கூடுகிறது என்பதுதான் இணைபு; முழுக்க ஒட்டிக் கூடினால் 1. இணைபு என்ற கருத்தே இப்படி ஆட்களை அளந்ததில்தான் பிறந்தது. அமெரிக்க விமானப்படையின் 4063 பேரின் அளவுகளை ஆராய்ந்த டானியல்ஸ் என்ற ஆய்வாளர் 1952இல், பத்து அளவிலும் சராசரிக்குள் அடங்கியவர் ஒருவர்கூட இல்லை என்று கண்டதை நான் பின்னாளில் படித்தேன். படித்தபோது எங்கள் விறாந்தைதான் கண்ணுக்குள் வந்தது.

வயதும் விகிதத்தை மாற்றும். பிறந்த குழந்தையின் நீளத்தில் தலை மட்டும் கால்வாசி. வளர்ந்தவர்களில் ஏழில் ஒன்றுக்கும் எட்டில் ஒன்றுக்கும் இடையில். முந்தி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, கையைத் தலைக்கு மேலால் வளைத்து மற்றப் பக்கக் காதைத் தொடச் சொல்வார்களே, அதுவும் இந்தக் கணக்குத்தான்.

லண்டனில் ஒரு வைத்தியசாலையில் வயோதிபர் விடுதியில் வேலை செய்கிறேன். நிமிர்ந்து நிற்க முடியாதவர்களின் உயரம் அறிய, இடக்கையை நெஞ்சுக்குக் குறுக்கே மடித்து வைத்து, முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு மொளி வரை அளந்து அட்டவணையைப் பார்ப்போம். அதில் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு, 65 வயதுக்கு மேல் வேறு. விகிதம் ஒன்றுதான் என்றால் அட்டவணை எதற்கு, ஒரு பெருக்கல் போதுமே. புதிதாக வரும் தாதியருக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் சேரின் குரல்தான் என் வாயில் வருகிறது.

அவர் இப்போது இல்லை. அளவுகள் எல்லாம் பதிந்த சீ.ஆர். கொப்பி, அந்தத் தடித்த மட்டைக் கொப்பி, நம் வகுப்பில் ஒருவரிடம்தான் இருந்தது. 1983க்குப் பிறகு யார் எங்கே போனோம் என்று தெரியாமல் சிதறிவிட்டோம். பிறவுண் தாள் உறை, முதல் பக்கத்தில் ஊதா மையால் நான்கு நிரல்கள். வைத்திருப்பவர் நம் பழைய மாணவர் சங்கத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். அந்த நிரல்களில் உள்ள நமக்கெல்லாம் இப்போது அறுபது தாண்டிவிட்டது. வயது போகப்போக முள்ளந்தண்டு அமர்ந்து உயரம் குறையும். பாகம் அவ்வளவாகக் குறையாது. அடுத்த ஒன்றுகூடலுக்கு நான் நாடா கொண்டுவருகிறேன்.