மேசைக்கு அடியில் ஒரு தட்டு

மகனுக்கு அப்போது மூன்று வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். பாட்டில் மூடிகளை நிறம் பார்த்து அடுக்குவான். ஒன்று நகர்ந்தாலும் துடித்துப்போவான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எங்கள் குடும்ப மருத்துவர் குழந்தை வளர்ச்சிக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அழைப்பு வரப் பதினொரு மாதம் ஆனது. வந்த அறிக்கை ஏழு பக்கம்: பேசவில்லை, பார்க்கவில்லை, பகிரவில்லை. ஆட்டிசம் என்ற சொல் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. அதற்குள் நான் அழுது ஓய்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மா நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்தவர். அவர் தங்கள் குடும்பங்கள் கூடும் இடத்துக்கு எங்களையும் கூட்டிப்போனார். முதலில் பிரார்த்தனை. அப்புறம் ஒவ்வொருவரும் தன் மலை, தன் ஆறு, தன் மக்கள் யாரென்று சொன்னார்கள். என் முறை வந்தபோது பொதிகை, தாமிரபரணி என்றேன். ஒரு வருடமாக எத்தனையோ படிவங்கள் நிரப்பியிருந்தேன், ஒன்றிலும் இந்தக் கேள்வி இல்லை.

மகன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். யாரும் இழுக்கவில்லை. ஒரு பாட்டி தட்டில் சாப்பாடு வைத்து உள்ளே தள்ளிவிட்டு, "பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

ஆட்டிசத்துக்கு மாவோரி மொழியில் 'தக்கிவாத்தங்கா' என்கிறார்கள். கெரி ஓபாய் என்ற மாவோரி மொழி அறிஞர் உருவாக்கிய சொல்; 2017-இல் வந்த சொற்தொகுப்பில் இடம்பெற்றது. தனக்கே உரிய காலத்திலும் இடத்திலும் இருப்பது என்று பொருள். அந்தப் பாட்டியின் பேரனை எட்டு வயது வரை பள்ளியில் அடங்காதவன் என்றே சொன்னார்களாம். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அவனை வேறு கண்ணால் பார்த்தேன் என்றார். அங்கிருந்த எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை. பெயரே வேண்டாம், அவன் எங்கள் பிள்ளை, அது போதும் என்றார் ஒரு தாத்தா. இரண்டு பேரின் பேச்சிலும் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது.

மருத்துவருடனான அடுத்த சந்திப்புக்குப் பாட்டியும் எங்களோடு வந்தார். மாவோரி மக்களுக்குக் குடும்பம் என்றால் பெற்றோர் மட்டும் இல்லை. பாட்டி, சித்தி, மாமா எல்லோரும் சேர்த்தி. நமக்கும் இது புதிதில்லை, ஆனாலும் அதுவரை நாங்கள் இருவர் மட்டுமே போயிருந்தோம். மருத்துவர் பேனாவைத் திறந்ததும், "முதலில் அவனால் முடிந்ததை எழுதுங்கள்" என்றார் பாட்டி. நிறம் பிரிப்பான், கேட்ட பாட்டை அப்படியே முனகுவான் என்று நான் சொல்லச் சொல்ல மருத்துவர் எழுதினார். அறிக்கையின் முதல் பத்தி மாறியது.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகைக்கும் அப்போதே விண்ணப்பித்தோம். அதற்குக் குடும்ப வருமானம் பார்ப்பதில்லை. ஆனால் படிவத்தில் ஒரு பகுதியை மருத்துவர்தான் நிரப்ப வேண்டும். பிள்ளைக்கு ஒரு நாளில் என்னென்ன கவனிப்பு வேண்டியிருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள். நான் குறிக்காமல் போய் இரண்டு முறை அலைந்தேன்.

இப்போதும் கூட்டத்தில் மேசைக்கு அடியில்தான் உட்காருகிறான். போன மாதம் பாட்டியின் தட்டு வழக்கம்போல உள்ளே போனது. திரும்பி வந்தபோது அதில் ஒரு நீல மூடி இருந்தது.