உள் டயரின் காற்று

ஜனவரி 4, 2025, சனி

பொங்கல் முடிந்ததும் அம்மாவை ராமேஸ்வரம் அழைத்துப் போக வேண்டும். முட்டி மடங்காத அவருக்காகத்தான் இந்தப் பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் வைத்துச் சின்ன வீடாக்கினேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் பாரமெல்லாம் பின்னால் இறங்கும். அங்கே பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர்கள்.

விடிகாலையில் காற்றுப் பார்த்தேன். பின்பக்கம் இடது வெளி டயரில் 70 பவுண்டு. உள் டயரில் 38. மூன்று முறை அளந்தும் அதேதான். பக்கத்து டயர் தாங்கிக்கொள்வதால் உள் டயர் தொய்ந்தது கண்ணுக்கே தெரியவில்லை. அப்பா துறைமுகத்துக்கு லாரி ஓட்டிய நாட்களில் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்பார். நானும் தட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலித்தன. அடியோடு காற்று இறங்கிய டயரைத்தான் கம்பி காட்டிக்கொடுக்கும்.

ஒன்றில் காற்று குறைந்தால் அதன் சுமையும் சேர்ந்து மற்றதன் தலையில் விழும். குறைந்த டயரோ பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். இப்படியேவா அம்மாவைப் படுக்க வைத்து 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருப்பேன்?

ஜனவரி 5, ஞாயிறு

சோப்புத் தண்ணீர் தெளித்ததும் குற்றவாளி அகப்பட்டது. உள் வால்வுக்குக் கை எட்டாது என்று முன்பு யாரோ ரப்பர் நீட்டுக் குழாய் மாட்டியிருக்கிறார்கள். அதன் கழுத்தில் கடுகு கடுகாக நுரை. இந்த வகைக் குழாயை மாட்டிவிட்டால் வால்வின் நடு ஊசி எப்போதும் அழுந்தி, வால்வு திறந்தே இருக்கும். அப்புறம் காற்றுக்குக் காவல் அந்த ரப்பர் மட்டும்தான். திருவொற்றியூர் உப்புக் காற்றில் அது விரிசல் விட்டுப் போயிருந்தது.

ஜனவரி 8, புதன்

மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து டயர் கடை பாயிடம் போனேன். பாய் 30 வருடமாக லாரிச் சக்கரம் கழற்றுகிறவர். குழாயை விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு, “இதைத் தூக்கிப் போடுங்கள் தம்பி, நீளமான உலோகத் தண்டே போடுவோம்” என்றார்.

டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரித்ததும் இன்னொன்றும் தெரிந்தது: உள்ளே இருந்தது காருக்குப் போடும் சாதாரண ரப்பர் வால்வு. அது 65 பவுண்டு வரைதான் தாங்கும். 70 பவுண்டு வண்டிக்கு அதை மாட்டியவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

வெளிச் சக்கரம் கவிழ்த்து மாட்டப்படுவதால் அதன் வால்வுத் துளை உள்நோக்கி இருக்கும். அதற்குக் கொக்கிபோல் வளைந்து வெளியே திரும்பும் தண்டு. உள் சக்கரத்துக்கு வெளிச் சக்கரத்தின் துளை வழியே நீட்டிக்கொண்டு வரும் நேர்த் தண்டு. பாய் துளையைச் சுற்றி இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து, விரல் நுனியால் ஒருமுறை தடவிப் பார்த்தார். ரப்பர் வளையத்துக்குச் சோப்பு தடவி, தண்டை உள்ளிருந்து நுழைத்து, வெளியே நட்டை முடுக்கினார். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் ஸ்பேனரை எடுத்துவிட்டார். “இதற்கு மேல் இழுத்தால் ரப்பர் கிழிந்துவிடும்.”

ஒரு ஜோடியில் இரண்டு தண்டுகளும் எதிரெதிராக வருமாறு சக்கரங்களைப் பொருத்தினார். பிரேக் டிரம்மில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஜாக்கியை இறக்கினார்.

ஜனவரி 11, சனி

மாதவரம், செங்குன்றம் என்று 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்கினேன். இரண்டு நட்டுகள் கால் சுற்று ஏறின.

ஜனவரி 13, திங்கள், போகி

ஐந்து மணிக்கே புகை. ஒதுக்கி வைத்திருந்த பழைய டயர் ஒன்றைத் தெருப் பையன்கள் கொளுத்தக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அந்தக் கரும்புகை அம்மாவின் நெஞ்சுக்கு ஆகாது, அந்தப் பிள்ளைகளுக்கும்தான் ஆகாது. பழைய கோரைப்பாய் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன்.

வெயில் ஏறுமுன் காற்று அளந்தேன். தரையில் படுக்காமல், கையைக் கரியாக்காமல், நின்ற வாக்கில் குனிந்தே பின் நான்கையும் பார்த்துவிட்டேன். 70, 70, 70, 69. அந்த 69-க்கு ஒரு பவுண்டு ஏற்றி மூடியைத் திருகினேன். அம்மா ஜன்னல் வழியாக, “எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இருக்கிறது அம்மா. வியாழக்கிழமை கிளம்புகிறோம்.”